வெளிநாடு செல்லுமுன் சிம் அட்டை யார் பெயரில் என்று பாருங்கள்

கனடாவுக்குப் புறப்படும் ஆயத்தங்களில் என்னை மிகவும் அலைக்கழித்தது, நான் மாணவனாக இருந்தபோது அப்பா தம் பெயரில் எடுத்துத் தந்த சிம் அட்டைதான். கொழும்பிலுள்ள என் வங்கிக் கணக்குக்கான ஓடிபி எனும் ஒருமுறைக் கடவுச்சொற்கள் அனைத்தும் அந்த இலக்கத்துக்கே வருகின்றன. கைபேசி தொலைந்தால் மாற்று அட்டை பெறும் உரிமை பதிவுசெய்த உரிமையாளருக்கே உண்டு என்பதால், அதை என் பெயருக்கு மாற்றாமல் விமானம் ஏறுவது ஆபத்தானது.

அப்பாவும் நானும் தேசிய அடையாள அட்டையுடன் நேரில் வர வேண்டும் என்று தொலைபேசி நிறுவனத்தில் சொன்னார்கள். எழுபதைக் கடந்த அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து இரவுப் பேருந்தில் வந்து, முகம் கழுவிய கையோடு என்னுடன் காலி வீதியிலிருந்த கிளைக்கு வந்தார். அங்கிருந்த உத்தியோகத்தரோ, அப்பாவின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "இது வேறு ஆளின் இலக்கம்" என்று திருப்பித் தந்துவிட்டார். சிம் பதிவான காலத்தில் அப்பாவிடம் இருந்தது 9 இலக்கங்களும் இறுதியில் 'வீ' எழுத்தும் கொண்ட பழைய அட்டை. அது தொலைந்த பின் கிடைத்தது 12 இலக்கப் புதிய அட்டை. இரண்டும் ஒருவருடையவை என்று காட்டுவது எளிது. பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் 0 இட்டு, முன்னால் 19 சேர்த்து, 'வீ' எழுத்தை நீக்கினால் புதிய இலக்கம் வந்துவிடும். அதை ஒரு தாளில் எழுதி நீட்டியும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பாவின் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வேறொரு கிளையில், ஒரு பெண் அதே தாளை வாங்கி, பேனா முனையால் ஒவ்வோர் இலக்கமாகத் தொட்டுச் சரிபார்த்து, சில நிமிடங்களில் உரிமையை மாற்றிக் கொடுத்தார். பெற்றோர் பெயரில் சிம் வைத்திருப்போர் இப்படியொரு தாளை எழுதிக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

வங்கியில் முகவரியைப் புதுப்பிப்பது அடுத்த தடை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாடகைக்கு இருக்கும் எங்களில் பலருக்கு மின்பட்டியல் வீட்டுக்காரர் பெயரிலும், வாக்காளர் இடாப்பில் பெயர் ஊரிலும் இருக்கும். ஆகவே கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் தேவைப்பட்டது. அதற்கு வாடகை உடன்படிக்கையும் வீட்டுக்காரரின் கடிதமும் கேட்டார்கள். பிறகு பிரதேச செயலகத்தில் மேலொப்பம். இவையெல்லாம் ஒரே நாளில் முடியும் என்று எண்ண வேண்டாம்; இடையில் பௌர்ணமி விடுமுறையான போயா தினம் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு நாணயக் கணக்கு சிரமமின்றித் திறக்கப்பட்டது. பெரியவர்கள் இன்னும் என்.ஆர்.எஃப்.சி. (வதியாதோர் வெளிநாட்டு நாணயக் கணக்கு) என்று சொல்வது, 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குப் பின் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்காகிவிட்டது. அங்கு உழைத்து அனுப்பும் பணத்தை டொலராகவே அதில் வைத்திருக்கலாம்.

ரோமிங் வசதியை இங்கிருக்கும்போதே செயற்படுத்தி, ஓடிபி வருவதை உறுதிசெய்யுங்கள். நீண்டகாலம் பயன்படுத்தாத முற்கொடுப்பனவு இலக்கம் துண்டிக்கப்படக்கூடும் என்பதால், அவ்வப்போது மீள்நிரப்பும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். வங்கியில் இலக்கத்தை மாற்றுவோர், கருமபீடத்தை விட்டு எழுமுன் சிறு தொகையொன்றை அனுப்பிப் பார்க்க வேண்டும். பிழையிருந்தால் கனடாவிலிருந்து திருத்துவதற்கு, அங்குள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தி, படிவத்தைத் தபாலில் அனுப்ப வேண்டியிருக்கும் என்று என் கிளையிலேயே சொன்னார்கள்.