ஆட்டு இருதயமும் ஒரு ஈர்க்குக்குச்சியும்

போன ஞாயிறு காலமை ஆறரைக்கே இறைச்சிக்கடையில போய் நிண்டன். "நாநா, ஆட்டு இருதயம் ரெண்டு வேணும், கத்தி படக்கூடாது, மேல இருக்கிற குழாயெல்லாம் அப்பிடியே விட்டுத் தாங்க" எண்டு சொன்னதும் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தங்கச்சி, கறிக்கா இல்ல வேற ஏதும் விசயத்துக்கா?" எண்டு கேட்க, பின்னால நிண்ட ஆக்கள் சிரிச்சிட்டாங்க. படிப்பிக்க எண்டு சொன்னதும் மனுசன் உசாராகிட்டார். வழக்கமா இருதயத்தை எடுத்ததும் உள்ளுக்க இருக்கிற ரத்தக்கட்டி போறதுக்கு ஒரு கீறு கீறித்தான் வைப்பாராம், மேல குழாயையும் ஒட்ட வெட்டி எறிஞ்சிருவாராம். நல்ல காலம், அப்பதான் உள்ளுக்க ஆடு உரிச்சுக்கொண்டிருந்தாங்க.

விசயம் என்னெண்டா, எங்கட ஒழுங்கையில (நாங்க திருகோணமலை உப்புவெளி) மூண்டு பிள்ளைகள் ஏ.எல் பயோ, அதான் உயர்தர உயிரியல், முடிச்சிட்டு நேர்சிங் எடுபடும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காங்க. நான் வார்ட்டில வேலை செய்யிறன், ஓஃப் கிடைக்கிற நாளில எங்கட விறாந்தையில இருத்தி ஏதோ எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் குடுக்கிறன். காசொண்டும் இல்ல, அதுல ஒருத்தியின்ட அப்பா கடலுக்குப் போறவர், சில நாள் விளைமீன் வரும், அது காணும்.

மூண்டும் நல்லாப் படிச்ச பிள்ளைகள்தான். சோணையறை (மேலறை), இதயவறை (கீழறை), முக்கூர் வால்வு, இருகூர் வால்வு, தொகுதிப் பெருநாடி எண்டு தேவாரம் சொல்ற மாதிரி மூச்சு விடாம சொல்வாங்க. சரி, இடது இதயவறைச் சுவர் ஏன் தடிப்பு எண்டு கேட்டன். "அக்கா, புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு" எண்டாள் ஒருத்தி. அந்த மறுமொழியைக் கேட்டுத்தான் நான் இறைச்சிக்கடைக்குப் போனது.

சிரிக்கேலாது, நானும் அப்பிடித்தான் இருந்தனான். முதலாம் வருசம் படிக்கேக்க ஒரு சோதினையில இருதயம் கீறி, கலர் அடிச்சு, வடிவா அம்புக்குறி எல்லாம் போட்டுட்டு வலதையும் இடதையும் மாத்திப் பேர் எழுதி வச்சிட்டன். படத்தில எங்கட இடப்பக்கம் இருக்கிறது அந்த ஆளின்ட வலப்பக்கம், முன்னால நிக்கிறவருக்குக் கை குடுக்கேக்க அவரின்ட வலக்கை எங்கட இடப்பக்கத்தில இருந்து வாற மாதிரி. இந்த ஒரு விசயத்தை ஒருத்தரும் எனக்கு வாயால சொல்லேல்ல, பத்து மார்க்ஸ் போச்சு. அதால இப்ப ஆர் வந்தாலும் நான் முதல்ல கை குடுத்துத்தான் பாடம் தொடங்கிறது.

விறாந்தையில பேப்பர் விரிச்சு பேசினுக்குள்ள இருதயத்தை வச்சன். முதல்ல வெட்ட விடேல்ல. கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு பக்கமும் அமத்திப் பாக்கச் சொன்னன். ஒரு பக்கம் தொளதொளவெண்டு விரல் உள்ளுக்க போகும், மற்றப் பக்கம் காய்ச்ச பலாக்கொட்டை மாதிரி இறுகி நிக்கும், கீழ இருக்கிற கூர் நுனியும் அந்த இறுகின பக்கத்தோட சேர்ந்தது. இறுகினது இடது. வலது பக்கம் ரத்தத்தைப் பக்கத்தில இருக்கிற சுவாசப்பைக்குத்தான் தள்ளணும், கிட்டத்தட்ட 25 மில்லிமீற்றர் இரச அமுக்கம் காணும். இடது பக்கம் உச்சந்தலையில இருந்து கால் பெருவிரல் வரைக்கும் தள்ளணும், 120 வேணும். பிறஷர் 120/80 எண்டு சொல்றமே, அதுல மேல இருக்கிற நம்பர் இந்தத் தசை இறுகேக்க வாறதுதான். இதை ஒருக்கா விரலால அமத்திப் பாத்தவளுக்கு இனி எந்தப் பக்கம் தடிப்பு எண்டு பாடமாக்கத் தேவையில்ல.

பிறகு விளக்குமாத்தில இருந்து ஒரு ஈர்க்கு உருவி மேல இருக்கிற ஒவ்வொரு குழாயாலயும் விட்டுப் பாக்கச் சொன்னன், எங்கால போய் எங்கால வருது எண்டு. பெருநாடிக்குள்ள விட்டது கொஞ்ச தூரம் போய் முட்டிக்கொண்டு நிண்டுது. ஏன் முட்டுது? கோப்பையால தண்ணி ஊத்தினம், தண்ணி கீழ இறங்கேல்ல, அப்பிடியே குழாய்க்குள்ள தேங்கி நிண்டுது. எட்டிப் பாத்தா மூண்டு சின்னப் பை, சட்டைப் பொக்கெட் மாதிரி, தண்ணி நிரம்பினதும் மூண்டும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு பாதையை அடைச்சிட்டு. அதுக்கு மோட்டர் இல்ல, தசை இல்ல, திரும்பி வாற ரத்தமே அதைச் சாத்துது. "அப்ப லப்-டப் எண்டு கேக்கிறது?" எண்டு பெடியன் கேட்டான். ரெண்டும் கதவு சாத்துற சத்தம்தான், லப் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில இருக்கிற கதவுகள், டப் இந்தப் பொக்கெட்டுகள்.

அந்தப் பைக்கு மேல ரெண்டு சின்ன ஓட்டை இருக்கும், அதைக் காட்டாம விடவே மாட்டன். ஈர்க்கின்ட மெல்லிய நுனி மட்டும்தான் போகும். அது இருதயத்துக்கே ரத்தம் குடுக்கிற முடியுரு நாடி தொடங்கிற இடம். அறைக்குள்ள அவ்வளவு ரத்தத்தை வச்சுக்கொண்டும் இருதயம் அதுல இருந்து குடிக்கிறதில்ல, வெளியில அனுப்பித்தான், பெருநாடியில முதல் கிளையா தன்ட பங்கை எடுக்குது. இந்த ஈர்க்கு நுனி அளவுக் குழாய் அடைபட்டாத்தான் ஹார்ட் அட்டாக். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்ல, ஒருத்தியின்ட அம்மம்மா அப்பிடித்தான் செத்தவ.

இடது பக்கத்தை நீட்டுக்கு வெட்டித் திறந்தா உள்ளுக்க வெள்ளை வெள்ளையா நூல், வால்வின்ட விளிம்பில இருந்து கீழ தசை வரைக்கும் இழுத்துக் கட்டின மாதிரி. கடலுக்குப் போறவரின்ட மகள் உடன சொன்னாள், "அக்கா இது தங்கூசி!" அதேதான், மீன் பிடிக்கிற நைலோன் நூல் மாதிரி, நல்லா இழுத்தும் அறாது. காத்தில குடை மறுபக்கம் மடங்காம கம்பி பிடிக்கிற மாதிரி, கீழறை இறுகேக்க வால்வு மேல பிரண்டு போகாம இந்த நூல் பிடிச்சு வச்சிருக்கு.

இடையில ஒரு முறைப்பாடு. பிள்ளைகள் யூடியூப்பில தமிழ்நாட்டு வீடியோ பாத்துப் படிக்கிறாங்க, நல்ல வீடியோக்கள்தான், பிழை சொல்லேல்ல. ஆனா அவங்க தமனி, சிரை எண்டுவாங்க, எங்கட புத்தகத்தில நாடி, நாளம். அவங்களுக்கு ரத்த நாளம் எண்டா எல்லாக் குழாயும், எங்களுக்கு நாளம் எண்டா இருதயத்துக்குத் திரும்பி வாறது மட்டும். எங்கட அகஞ்சுரக்கும் சுரப்பியை அவங்க நாளமில்லாச் சுரப்பி எண்ட (அங்க நாளம் எண்டா சுரக்கிறதைக் கொண்டு போற குழாய்), எங்கட பெடியன் அந்தச் சுரப்பிக்கு நாளமே இல்ல, ரத்தம் எப்பிடித் திரும்பிப் போகும் எண்டு ரெண்டு நாள் யோசிச்சிருக்கிறான். பாவம். நேர்சிங் தொடங்கினா அதுக்கு மேல இங்கிலீஷ் பேர் வேற வரும். எனக்கெண்டா எங்கட நாடிதான் பிடிப்பு. நாடி பிடிச்சுப் பாக்கிறது எண்டு பரியாரி காலத்தில இருந்து சொல்றம், துடிப்புத் தெரியிற குழாய்தான் நாடி, பேரிலயே விளக்கம் இருக்கு. நாடியில நல்ல ரத்தம், நாளத்தில கெட்ட ரத்தம் எண்டு பிரிச்சுப் பாடமாக்கினா சுவாசப்பை நாடியில மாட்டுப்படுவீங்க, அது ஒட்சிசன் குறைஞ்ச ரத்தம்தான் கொண்டு போறது. இருதயத்தில இருந்து போறது நாடி, வாறது நாளம், அவ்வளவுதான்.

பிறகு கணக்கு. ஒரு துடிப்புக்கு 70 மில்லிலீற்றர், நிமிசத்துக்கு 70 துடிப்பு, ஃபோனில பெருக்கினாங்க, 4900. கிட்டத்தட்ட 5 லீற்றர். வளர்ந்த ஆளின்ட உடம்பில இருக்கிற முழு ரத்தமுமே அவ்வளவுதான். "அப்ப ஒரு நிமிசத்தில எல்லாம் ஒரு சுத்தா?" எண்டு பெடியன் கண்ணை விரிச்சான். இப்பிடி ஒரு கணக்கை வச்சுத்தான் வில்லியம் ஹார்வி 1628ல ரத்தம் சுத்தி வருது எண்டு எழுதினவர், இவ்வளவு ரத்தத்தை உடம்பு சாப்பாட்டில இருந்து புதுசு புதுசாச் செய்யேலாது, திரும்பித்தான் வரோணும் எண்டு. ஆனா நாடியில இருந்து நாளத்துக்கு எப்பிடிப் போகுது எண்டு அவர் காணேல்ல, 1657ல செத்துப் போனார். நாலு வருசம் கழிச்சு மல்பீகி நுணுக்குக்காட்டியில தவளையின்ட சுவாசப்பையைப் பாத்துத்தான் நாடியையும் நாளத்தையும் தொடுக்கிற மெல்லிய மயிர்த்துளைக்குழாயைக் கண்டவர்.

அந்த மயிர்த்துளைக்குழாயின்ட சுவர் ஒரேயொரு கலத் தடிப்பு, செங்குழியங்கள் வரிசையாத்தான் நெருக்கிக்கொண்டு போகும். படிக்கேக்க சும்மா ஒரு வரி. எனக்கு அது விளங்கினது 2017ல, இலங்கையில ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல டெங்கு எண்டு பதிஞ்ச வருசம், கிண்ணியாப் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். சொந்தக்காரர் எல்லாரும் பிளேட்லெட் எத்தினை, பிளேட்லெட் எத்தினை எண்டுதான் கேப்பாங்க, பப்பாசி இலைச் சாறு போத்திலோட வந்து நிப்பாங்க. நாங்க பயந்து பயந்து பாக்கிறது பி.சி.வி, ரத்தத்தில செங்குழியங்களின்ட பங்கு எவ்வளவு எண்ட கணக்கு. காய்ச்சல் விடுற நேரத்திலதான் அந்த ஒரு கலச் சுவர் கசியத் தொடங்கும், ரத்தத்தின்ட தண்ணிப் பங்கு குழாய்க்கு வெளியால போயிரும், கலங்கள் உள்ளுக்கயே நிக்கும், கஞ்சி வத்தினா சோறு தடிக்கிற மாதிரி ரத்தம் தடிக்கும், பி.சி.வி ஏறும். ஆள் எழும்பி இருந்து கதைப்பார், வீட்டாக்கள் காய்ச்சல் விட்டுட்டு, துண்டு வெட்டி வீட்டை விடுங்க எண்டு நிப்பாங்க, அந்த நேரம்தான் ஆபத்து. ஒண்டு ரெண்டு நாளில கசிவு நிண்டு வெளியால போன தண்ணி திரும்ப உள்ளுக்க வரும், அதுக்கு முந்தி சேலைனை அள்ளிக் குடுத்திருந்தா இப்ப சுவாசப்பையில தண்ணி. அதாலதான் மணித்தியாலக் கணக்கில அளந்து அளந்து குடுக்கிறது.

சேலைன் எண்டதும் ஒருத்தி கேட்டாள், இவ்வளவு கடல் இருக்கு, உப்புத்தண்ணிதானே எண்டு. சேலைனில லீற்றருக்கு 9 கிராம் உப்பு, கடலில 35. கடல் தண்ணியைக் குடிச்சா அந்த உப்பை வெளியேத்த சிறுநீரகம் குடிச்சதை விடக் கூடத் தண்ணி செலவழிக்கும், அதான் நடுக்கடலில தாகம். அப்ப உப்பே இல்லாத தண்ணியை ஏத்தினா? செங்குழியம் ஊதி வெடிக்கும். இதுக்கு மேல சொல்ல நேரம் இல்ல, பதினொண்டரை ஆகிட்டு, பேசினில இலையான்.

அடுத்த ஞாயிறு சிறுநீரகம். நாநாட்ட சொல்லி வச்சிட்டன், கொழுப்போட, குழாய் வெட்டாம ரெண்டு எடுத்து வைப்பார். வெட்டின இருதயத்தைக் கறி வைப்பமா எண்டு கேட்டதுக்கு அம்மா கும்பிட்டுட்டா, பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போட்டாச்சு. தன்ட வெட்டுப் பலகையையும் எங்கயோ ஒளிச்சு வச்சிட்டா, இன்னும் தேடுறன்.