விகடகவியை ஸ்டாக்கில் போட்டால்

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (தரவுகளை அடுக்கி வைக்கிற முறைகள்) பாடத்தில், கடைசியாகப் போட்டது முதலில் வெளியே வருகிற ஸ்டாக் வந்ததும் எல்லாரும் எழுதிப் பார்க்கிற புரோகிராம் ஒன்று இருக்கிறது. ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக ஸ்டாக்கில் தள்ள வேண்டும். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சொல்லின் தொடக்கத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசிவரை பொருந்தினால் அது பலின்ட்ரோம், அதாவது இரு பக்கமிருந்தும் ஒரே மாதிரி வாசிக்கிற சொல். டியூட்டில் (பயிற்சித் தாளில்) தருகிற சொற்கள் எல்லாம் ஆங்கிலச் சொற்களாகத்தான் இருக்கும். எல்லாமே சரியாக வேலை செய்யும். அடுத்த நாள் கியூ என்ற அடுத்த அமைப்புக்குப் போய்விடுவோம்.

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், ஜூனியர்களுக்குக் குப்பி (சீனியர்கள் எடுக்கிற உதவி வகுப்பு) எடுக்கத் தொடங்கியபோது, இந்தப் பயிற்சிக்கு விகடகவி என்ற சொல்லைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பலின்ட்ரோமுக்குத் தமிழில் எல்லாருக்கும் தெரிந்த சொல் அதுதானே. எங்கள் பிள்ளைகளில் பலர் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வருகிறவர்கள். விரிவுரை ஆங்கிலத்தில் ஓட, பாதிப் பேர் புரோகிராமை அப்படியே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். தெரிந்த சொல் என்றால் கொஞ்சம் கிட்ட வருவார்கள் என்று நினைத்தேன்.

ஒரு தங்கச்சி ஓட்டிவிட்டுத் திரும்பினாள். "அக்கா, விகடகவி பலின்ட்ரோம் இல்ல எண்டு சொல்லுது. கோட் பிழையோ?"

"கோட் சரி. ஸ்டாக்குக்குள்ள என்ன கிடக்குதெண்டு பிரிண்ட் பண்ணிப் பாரு."

திரையில் வரிக்கு ஒன்றாக வந்தது. முதலில் வெறும் வ. அடுத்த வரியில் புள்ளி வட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிற இகரக் குறி. பிறகு க, ட, க. மறுபடியும் வ, மறுபடியும் அந்தக் குறி. மொத்தம் ஏழு. விகடகவி என்று விரல் விட்டு எண்ணினால் ஐந்து எழுத்துத்தான். அதே சொல்லை யூடிஎஃப் எட்டு (UTF-8) என்ற பைட் முறையில் சேமித்து, சி மொழியில் நீளம் கேட்டால் 21 என்று வரும், ஏனென்றால் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் போகிறது.

ஐந்து, ஏழு, இருபத்தொன்று. மூன்றும் சரியான விடைதான். எதை ஓர் அலகாக எடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் இலக்கம் கொடுக்கிற தரமான யூனிகோடில் 'வி' என்பதற்கு ஒற்றை இடம் கிடையாது. வகரத்துக்கு 2997, இகரக் குறிக்கு 3007, இரண்டும் பக்கத்தில் வந்தால் எழுத்துரு சேர்த்து வரைந்து காட்டுகிறது. ஸ்டாக்குக்கு அது தெரியாது. அது தள்ளியதைத் தலைகீழாகத் தரும், அவ்வளவுதான். தலைகீழாக வரும்போது இகரக் குறி முன்னுக்கு வந்துவிடுகிறது, முதல் ஒப்பீட்டிலேயே எல்லாம் முடிந்துபோகிறது.

சரி, எப்படித் திருத்துவது? ஸ்டாக்கில் கை வைக்கத் தேவையில்லை. தள்ளுவதற்கு முன் சொல்லை ஒருமுறை நடந்து பார்த்து, உயிர்மெய்க் குறியோ புள்ளியோ வந்தால் அதை முந்திய எழுத்தோடு ஒட்டிவிட வேண்டும். ஒட்டிய துண்டுகளைத்தான் தள்ள வேண்டும். ஒரே ஒரு லூப், செலவு சொல்லின் நீளத்துக்கு நேர்விகிதம், ஆகவே முழு வேலையின் ஓ குறியீடு (நீளத்தோடு வேலை எப்படி வளர்கிறது என்ற அளவு) மாறவே மாறாது. அன்று அதைச் செய்ததும் விகடகவி, திகதி, தாத்தா, கற்க எல்லாம் வரிசையாகப் பாஸ் ஆகின. (க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும் தனியாக யோசிக்க வேண்டும். அதை அவர்களிடமே விட்டுவிட்டேன்.)

ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துப் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வி வரவே வராது. அங்கே ஓர் எழுத்து, ஒரு குறியீடு, ஒரு பைட் மூன்றும் ஒன்றாகவே இருந்துவிடுவதால், 'எழுத்து' என்று எதைச் சொல்கிறோம் என்று யாரும் நின்று கேட்பதில்லை. தமிழ் உள்ளீடு போடச் சொல்வது மொழிப்பற்றுக்காக மட்டும் இல்லை. பாடத்தின் உள்ளே இருக்கிற ஒரு முடிவை அது கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கிறது.

அடுத்தது சோர்ட்டிங், அதாவது வரிசைப்படுத்தல். இதற்கு ஊர்ப் பெயர்கள்தான் நல்லது. முனைக்காடு, முறக்கொட்டான்சேனை, முதலைக்குடா மூன்றையும் ஓர் அரேயில் (பட்டியலில்) போட்டு மெர்ஜ் சோர்ட் என்ற முறையில் வரிசைப்படுத்தச் சொன்னேன். முதலைக்குடா, முனைக்காடு, முறக்கொட்டான்சேனை என்று வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த நெடுங்கணக்கைச் சொல்லிப் பாருங்கள்: ய ர ல வ ழ ள ற ன. றகரம் முன்னே, னகரம் கடைசி. அகராதியில் முறக்கொட்டான்சேனைக்குப் பிறகுதான் முனைக்காடு வர வேண்டும். யூனிகோடில் ன 2985, ற 2993. இலக்கத்தை மட்டும் பார்க்கிற கணினிக்கு ன சிறியது.

இப்படி ஏன் வைத்தார்கள் என்று ஒரு தம்பி கோபமாகவே கேட்டான். நியாயமான கேள்வி. யூனிகோடின் இந்திய மொழிப் பகுதிகள் 1988இல் வந்த இஸ்கி என்ற இந்தியத் தரத்தைப் பின்பற்றி அமைந்தவை. எல்லா மொழிகளையும் தேவநாகரி வரிசையோடு சமாந்தரமாக அடுக்கினார்கள். நகரத்தின் பக்கத்தில் னகரம், ரகரத்தின் பக்கத்தில் றகரம், ளகரத்தின் பக்கத்தில் ழகரம் என்று உட்கார்ந்தது அதனால்தான். தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் நடுநடுவே வெற்றிடங்கள் கிடப்பதும் அதனால்தான்.

இங்கேயும் அல்கோரிதத்தைத் தொட வேண்டியதில்லை. மெர்ஜ் சோர்ட்டுக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் தெரியும்: இந்த இரண்டில் எது முன்னால்? அந்தப் பதிலைக் கம்பரேட்டர் என்ற ஒப்பிடுகிற ஃபங்ஷன் சொல்கிறது. பதினெட்டு மெய்க்கும் நெடுங்கணக்குப்படி ஓர் எண் கொடுத்து ஒரு சிறிய அட்டவணை எழுதி, ஒப்பிடும்போது யூனிகோட் இலக்கத்துக்குப் பதிலாக அந்த எண்ணைப் பார்க்கச் சொன்னால் போதும். மூன்று ஊரும் தங்கள் இடத்துக்கு வந்துவிட்டன. ஒப்பீட்டை வெளியே எடுத்துத் தனியாக வைப்பது எதற்கு என்று விரிவுரையில் கேட்டபோது எனக்கு அது வெறும் ஜாவா சம்பிரதாயமாகத்தான் தெரிந்தது. எனக்கே அது உறைத்தது அன்றைக்குத்தான்.

சொற்களை அடுக்குகிற வேலையிலிருந்துதான் குயிக் சோர்ட் என்ற இன்னொரு முறையே பிறந்தது என்பதையும் ஒவ்வொரு குப்பியிலும் சொல்வேன். கணினி அறிஞர் டோனி ஹோர் 1959இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலத்துக்கு இயந்திரம் மூலம் மொழிபெயர்க்கிற வேலையில் ஈடுபட்டார். அகராதி காந்த நாடாவில் அகர வரிசையில் இருந்தது. நாடாவை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. வாக்கியத்திலுள்ள சொற்களை முதலில் வரிசைப்படுத்திவிட்டால், ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் தேடி எடுத்துவிடலாம். அதற்காக யோசித்ததுதான் குயிக் சோர்ட். இன்னொன்று, ஹோர் பிறந்தது 1934இல், கொழும்பில். இதைச் சொல்லும்போது பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களும் நிமிர்ந்துவிடுவார்கள். எனக்கும் ஒவ்வொரு முறையும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

சொற்களை எழுத்தெழுத்தாகக் கிளை பிரித்துச் சேமிக்கிற ட்ரை என்கிற மரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பாடநூல் ஒவ்வொரு கணுவுக்கும் 26 பிள்ளைகள் கொண்ட அரே ஒன்றைத் தரும். தமிழ்ச் சொல் போன முதல் அடியிலேயே அது எல்லை தாண்டி விழும், ஆகவே அரேக்குப் பதிலாக மேப் வைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பலின்ட்ரோமுக்கு முழு எழுத்து அலகாக இருந்தது. ஊர் தேடுகிற பெட்டி ஒன்று செய்தால், 'ம' என்று தட்டியவுடனே மண்டூரும் வர வேண்டும், முனைக்காடும் வர வேண்டும். அங்கே யூனிகோட் குறியீட்டை அலகாக வைப்பதுதான் வசதி.

திறவுகோலிலிருந்து ஓர் எண் (ஹாஷ்) கணித்து அதன்படி பெட்டியில் போட்டுத் தேடுகிற ஹாஷ் டேபிளுக்கு நான் கொடுக்கிற சொல் கொக்கட்டிச்சோலை. ஊர்ப் பெயரைத் திறவுகோலாகவும் சனத்தொகையைப் பெறுமதியாகவும் போட்டு வைத்தால், சில நேரம் இருக்கிற ஊரையே இல்லை என்று சொல்லும். திரையில் பார்த்தால் இரண்டு பெயரும் ஒரே மாதிரி இருக்கும். கண்ணால் பிடிக்கவே முடியாது. 'கொ' என்பதை க, ஒகரக் குறி என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். க, எகரக் குறி, பின்னால் ஆகாரக் குறி என்று மூன்றாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்றுதான் யூனிகோட் விதியும் சொல்கிறது. 'சோ'வுக்கும் அதே கதை. ஆக, ஒரே ஊருக்கு நான்கு விதமான குறியீட்டுத் தொடர்கள். நான்குக்கும் ஹாஷ் பொதுவாக வேறு, விழுகிற பெட்டியும் வேறாகலாம். எந்த விசைப்பலகையில் அடித்தது, எந்தப் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி எடுத்தது என்பதைப் பொறுத்து ஒன்று வந்து சேரும்.

இதற்கு ஜாவாவிலேயே, சமமான தொடர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றுகிற நோர்மலைசர் இருக்கிறது, ஒரு வரி வேலை. போடும்போது மட்டும் செய்துவிட்டு விட்டால் பிரச்சினை அப்படியேதான் இருக்கும். தேடும்போதும் அதே வரி ஓட வேண்டும். போடுவதற்கும் தேடுவதற்கும் ஒரே ஃபங்ஷனைக் கூப்பிடுகிற மாதிரி எழுதி வையுங்கள்.

இந்த முறை குப்பிக்கு வருகிறவர்கள் அவரவர் ஊரின் பெயரோடும் பக்கத்து ஊர்ப் பெயர்கள் பத்தோடும் வாருங்கள். வாகரைப் பக்கத்துப் பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும், அந்தப் பக்கத்துப் பெயர்கள் என் பட்டியலில் குறைவு.