நான்காம் வரியில் ஒரு ஃப்ளாட் குறி

8 பிப்ரவரி 2025, சனி

மொரீஷியஸின் க்யூர்பிப்பில் காலையிலிருந்து தூறல். என்னிடம் பியானோ கற்கும் ஒன்பது வயதுப் பெண் குடையை மடக்குவதற்குள்ளாகவே, “மிஸ், எனக்கு ஷிஹிரோ பாட்டு வேண்டும்” என்றாள். ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் அந்தப் படத்தை என் மாணவர்கள் பிரெஞ்சில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆதலால் ‘ஸ்பிரிட்டட் அவே’ என்றால் விழிப்பார்கள், நாயகியின் பெயரான ‘ஷிஹிரோ’ என்றால் முகம் மலரும். 2001-இல் ஜப்பானில் வெளிவந்து 2003-இல் ஆஸ்கார் பெற்ற படம் அது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது ஒலிக்கும் பாட்டைத்தான் அவள் கேட்கிறாள். ஒரு பெண் குரலும், அவரே மீட்டும் லயர் என்னும் சிறு யாழும் மட்டுமே அதில் உண்டு.

இரவு கேட்டுப் பார்த்தேன். எஃப் மேஜர், மூன்றெண்ணிக்கைத் தாளம். எஃப்-ஐ ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ‘ச ரி க ச ப’ என்று தொடங்குகிறது. நம் கணக்கில் சங்கராபரணத்தின் சுரங்கள். கருப்புக் கட்டை ஒன்றே ஒன்று, பி ஃப்ளாட், அதாவது சுத்த மத்யமம். அதையும் தவிர்க்க எண்ணிப் பலர் இத்தகைய பாட்டுகளைச் சி மேஜருக்கு இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கினால் மெட்டு தணிந்து வந்து இடக்கையின் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு கருப்புக் கட்டைக்கு அஞ்சும் பிள்ளையும் அல்ல இவள். எஃப்-இலேயே இருக்கட்டும்.

15 பிப்ரவரி, சனி

செவ்வாயன்று காவடித் திருவிழா ஆனதால் அவள் வாரம் முழுவதும் பியானோவைத் தொடவில்லை; அதில் எனக்கு வருத்தமும் இல்லை, ஏனெனில் இடக்கைப் பகுதி இன்னும் தயாராகவில்லை.

லயரில் நரம்புகள் மீட்டிய பின்பும் தாமாகவே ஒலித்துக்கொண்டிருக்கும். பியானோவில் விரலை எடுத்தால் ஒலி நின்றுவிடும்; நிற்காமலிருக்க வலது பெடலை மிதிக்க வேண்டும். இவள் நாற்காலியில் அமர்ந்தால் கால் தரையைத் தொடுவதே இல்லை. ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு சுரத்திலிருந்து அதன் மேல் ஸ்தாயிச் சுரம் வரை, ஏறத்தாழ பதினாறரை சென்டிமீட்டர். இவளுடைய கை சிரமமின்றி எட்டுவது ஆறு வெள்ளைக் கட்டைகள். ஆகவே முதலில் எழுதியிருந்த அகன்ற கார்டுகளை (பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் அடுக்குகளை) எல்லாம் அடித்துவிட்டு, சுண்டுவிரல் கீழ்ச்சுரத்தை மூன்று எண்ணிக்கையும் அழுத்திப் பிடித்திருக்க, மற்ற விரல்கள் மேலே இரண்டு சுரங்களைத் தொட்டுச் செல்லுமாறு மாற்றினேன். பெடல் செய்ய வேண்டிய வேலையைச் சுண்டுவிரல் செய்கிறது. எழுதியதைவிட நீக்கியதே இன்று அதிகம்.

28 பிப்ரவரி, வெள்ளி

கரான்ஸ் சூறாவளி எங்களை உரசிச் சென்று இன்று அண்டைத் தீவான ரீயூனியனைத் தாக்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. பியானோவின் கீழ்ப்பெட்டிக்குள் ஈரத்தை விரட்ட எரியவிட்டிருக்கும் சிறு விளக்கும் அணைந்துவிட்டது, இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழுவதில்லை. கணினியில் எழுதிவைத்த பாட்டைத் திறக்க வழியில்லாததால், நினைவிலிருந்ததை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தாளில் எழுதினேன். ஐந்து வரிகள். நாளை கொடுத்துவிடலாம்.

8 மார்ச், சனி

அவளுடைய தாயார் அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து, உறவுக்காரப் பிள்ளை ஒருவருக்கு அனுப்பலாமா என்று கேட்டார். பெருமையில் தலையாட்டிவிட்டேன். அவளுடைய அண்ணன் பக்கத்தில் அமர்ந்து ரவான் என்னும் எங்கள் ஊர்ப் பறையை வாசிப்பதுபோல மேசையில் தட்டிக்கொண்டிருந்தான். மூன்று இரண்டுகளாகப் பிரியவேண்டிய ஆறு அரையெண்ணிக்கைகள் அவன் கையில் இரண்டு மூன்றுகளாகப் பிரிந்து, ஜப்பானியப் பாட்டு எங்கள் தீவின் நடன இசையான செகாவாக ஆடத் தொடங்கியது. அவனை வெளியே அனுப்பிய பிறகுதான் பாடம் நடந்தது. முதல் இரண்டு வரிகளுக்கு மேல் போகவில்லை.

13 ஏப்ரல், ஞாயிறு

நாளை வருஷப் பிறப்பு என்பதால் இன்று ஓர் அரங்கில் பிள்ளைகளின் கலை நிகழ்ச்சி. நடனங்களுக்கு நடுவே, நான் அறியாத ஒரு சிறுமி கீபோர்டில் அமர்ந்து ‘ச ரி க ச ப’ என்று தொடங்கினாள். இடக்கையைக் கேட்டவுடன் அது நான் அமைத்த வடிவம் என்று தெரிந்துவிட்டது. மூன்று வரிகள் மிக அழகாக வாசித்தாள். நான்காம் வரியில் மத்யமம் வந்த இடமெல்லாம் அரைச்சுரம் ஏறி நின்றது. சங்கராபரணத்தில் மத்யமத்தை மட்டும் உயர்த்தினால் கல்யாணி. அந்த ஒரு வரிக்குக் கல்யாணி உள்ளே வந்து, ஐந்தாம் வரியில் ஒன்றும் நடவாததுபோல் வெளியேறியது. வலக்கைக்கு அது ஓரளவு பொருந்தியது என்றுகூடச் சொல்வேன். இடக்கையில் பி–டி–எஃப் சேர்ந்து ஒலித்தபோது என் அருகில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவளுடைய தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பல கைகள் மாறிய நகல். ஆனால் என் கையெழுத்துத்தான். வரிதோறும் தொடக்கத்தில் இடவேண்டிய, அரைச்சுரம் தாழ்த்தும் ஃப்ளாட் குறியை நான்காம் வரியில் நான் இடவே இல்லை. மூன்றாம் வரியில் ஒரு சுரத்தின் தலைமேல் மெழுகு சிந்திய இடம் நகலில் கரும்புள்ளியாகியிருந்தது. அவள் அதை ஸ்டக்காட்டோ என்று படித்து, அந்தச் சுரத்தை மட்டும் வெடுக்கென்று வெட்டி வாசித்திருக்கிறாள். அவள் பிசகவில்லை, தாளில் உள்ளதைப் பக்தியோடு வாசித்திருக்கிறாள். இன்னொன்று: நான் இசையமைப்பாளர் பெயரை எழுதாமல் விட்ட இடத்தில் யாரோ ‘ஜோ ஹிசாய்ஷி’ என்று எழுதியிருக்கிறார்கள். படத்தின் பின்னணி இசை அவருடையது. இந்தப் பாட்டு அவருடையதன்று. மெட்டமைத்துப் பாடியவர் யூமி கிமுரா, சொற்கள் வகாக்கோ காக்கு.

19 ஏப்ரல், சனி

திருத்திய தாளைக் கணினியில் சுத்தமாகத் தயாரித்து முடித்தேன். மென்பொருளில் ஃப்ளாட் குறி வரிதோறும் தானாகவே வந்து நிற்கிறது. அனுப்பும் பொத்தானை அழுத்தப் போனபோதுதான் தயக்கம் வந்தது. ஒரு படைப்பை வேறு வடிவில் அமைக்க இசைவு தரும் உரிமை படைத்தவருக்கே உண்டு என்று பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கையின் 12-ஆம் உறுப்பு சொல்கிறது. என் அறைக்குள் ஒரு பிள்ளையின் விரல்களுக்காக எழுதியது ஒரு விதம். ஊரெங்கும் சுற்றவிடுவது வேறு விதம். மார்ச்சில் தலையாட்டியபோது இதை நான் நினைக்கவே இல்லை. பிழையைத் திருத்த வேண்டுமானால் தாளை மறுபடி பரப்ப வேண்டும். பரப்பியதே என் முதல் பிழை.

கடைசியில் தாளை அனுப்பவில்லை. முதலில் படம் எடுத்த தாயாருக்குச் சில வரிகள் மட்டும் எழுதி, யார் யாருக்குத் தாள் போனதோ அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்பிவிடுமாறு கேட்டுக்கொண்டேன்: “நான்காம் வரியின் தொடக்கத்தில், மேற்கட்டில் (வலக்கை) நடுக்கோட்டிலும் கீழ்க்கட்டில் (இடக்கை) கீழிருந்து இரண்டாம் கோட்டிலும் ஃப்ளாட் குறி இடவும். மூன்றாம் வரியில் இருப்பது மெழுகு. மெட்டு யூமி கிமுராவுடையது. இனி வேண்டுவோர் அச்சிட்ட இசைத்தாளை விலைக்கு வாங்கிக்கொள்ளவும்.”

மாலைக்குள் ஒரு பதில் வந்தது: மெழுகை அழிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?