மார்கழிக் காலையும் அரையாண்டு லீவும்

அரையாண்டுப் பரீட்சை முடிகிற அன்றைக்கே ஆரம்பித்துவிடுகிறார்கள். அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, ஃபோனிக்ஸ், கீபோர்டு என்று லீவுக்குள் எதையாவது கற்றுக்கொடுத்து முடிக்கிற விளம்பரங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வரிசையாக வந்து விழும், அதற்குக் கீழேயே "எந்த வயசுல இருந்து சேத்துக்கறீங்க?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். எனக்கு இரண்டாம் வகுப்பு படிக்கிற பையனும் எல்கேஜி போகிற பெண்ணும் இருக்கிறார்கள். நான் எதிலும் சேர்க்கவில்லை. சேர்க்காதது சரிதான் என்று இப்போது இன்னும் உறுதியாகத் தோன்றுகிறது, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கடலூரில் பிள்ளைகளுக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் பாதி வரைக்கும் எப்படிப் போகிறது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் ஜன்னலைப் பார்ப்பது, அப்புறம் டிவியில் கீழே ஓடுகிற எழுத்தைப் பார்ப்பது, கலெக்டர் லீவு விட்டாரா இல்லையா என்று. மழை லீவை லீவு என்று சொல்வதற்கே மனசு வராது. கதவைச் சாத்திக்கொண்டு, கரண்ட் இல்லாமல், காயாத யூனிஃபார்ம் கொடி முழுக்கத் தொங்க, கொசுவோடு ஒரே அறையில் நாள் முழுக்க இருப்பது எந்தக் குழந்தைக்கும் விடுமுறை இல்லை. அதையும் ஈடுகட்டச் சனிக்கிழமைகளில் பள்ளி வைத்துவிடுகிறார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, அது போன கையோடு தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அப்போது எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டில் பிள்ளைகளின் புத்தகப்பையைக்கூட எடுக்க முடியாமல் போனது. அப்படிப்பட்ட மூன்று மாதத்தைத் தாண்டி வருகிற குழந்தைகளுக்கு, மழை விட்டு வெயில் இதமாக அடிக்கிற டிசம்பர் கடைசி வாரம்தான் கிடைக்கிறது. அதிலும் கொண்டுபோய் ஒரு வகுப்பில் உட்கார வைப்பதா?

எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்து போகிற தூரம். மார்கழியில் விடிவதற்கு முன்னாலேயே ஸ்பீக்கர் பாட ஆரம்பித்துவிடும். பள்ளி நாட்களில் ஏழு மணிக்குப் போர்வையை இழுத்தால் அழுகிற இரண்டும், லீவு விட்ட மறுநாளே, யாரும் எழுப்பாமல், அந்தச் சத்தத்துக்கு எழுந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்துகொண்டன. காரணம் அவர்களுடைய ஆயா, அதாவது என் மாமியார். "பூ வைக்க யாராச்சும் வேணும், எனக்கு குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போகுது" என்று முதல் நாள் ராத்திரி சும்மா சொல்லி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கோலம் போடுவது ஆயா. பூ வைப்பது பெரியவன். அதில் இவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்று எனக்கே இப்போதுதான் கிட்டே உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்தது. பால்காரர் வீட்டிலிருந்து வாங்கி வைத்த சாணியை எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்ட வேண்டும். ரொம்பத் தண்ணியாக இருந்தால் உட்கார்ந்துவிடும், காய்ந்திருந்தால் வெடிக்கும். பறங்கிப்பூவின் காம்பை அப்படியே குத்தினால் மடங்கிப்போகும், ஆகையால் முதலில் ஈர்க்குச்சியால் உருண்டையில் ஒரு குழி போட்டுவிட்டு, பிறகு காம்பை அதில் இறக்கி, விரலால் சுற்றிலும் அழுத்திவிட வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. பூவுக்குள் எறும்பு இருக்கும், சில நாள் ஒரு வண்டு சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். பையன் ஒவ்வொரு பூவையும் தெருவிளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, ஊதி, வண்டு இருந்தால் அதைச் செம்பருத்திச் செடி மேல் தட்டிவிட்டு வந்த பிறகுதான் செருகுவான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "அது தூங்குது ஆயா, எழுப்பாத" என்று அவன் மெதுவாகச் சொன்னதை நான் காப்பி டம்ளரோடு நின்று கேட்டேன்.

சின்னவளுக்குக் கோலமாவு டப்பா. கோலத்துக்குள் வரக் கூடாது, படியில் உட்கார்ந்து அவள் இஷ்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவைப் பிடித்து விடுவது நாலு வயதுக் கைக்குச் சுலபமில்லை, முதலில் பிடி பிடியாகக் கொட்டினாள், நாலைந்து நாள் போனதும் புள்ளி மாதிரி ஏதோ விழ ஆரம்பித்தது. பென்சில் பிடிக்க வரவில்லை என்று டைரியில் எழுதி அனுப்புகிற வயது இது. அந்த விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சியை எந்த வகுப்பிலும் காசு கொடுத்து வாங்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் ஆளுக்கொரு குல்லா, கோயில், தொன்னையில் வெண்பொங்கல். வீட்டில் மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைக்கிற பையன் கோயில் பொங்கலில் மிளகோடு சாப்பிடுகிறான்.

சளியைப் பற்றிக் கேட்பீர்கள். பனி இறங்குகிற நேரத்தில் குழந்தைகளை வெளியே விடலாமா என்று என் அம்மாவே போனில் கேட்டார்கள். நம் ஊரில் டிசம்பர் விடியற்காலை இருபது, இருபத்திரண்டு டிகிரிதான், காதை மூடி, காலில் செருப்பு போட்டுவிட்டால் போதும் என்பது என் அனுபவம். சளி இரண்டு பேருக்கும் வந்தது, ஆனால் அது பள்ளி திறந்திருந்தபோதே ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொண்டு வந்த சளி. ஓமவல்லி இலையை வாட்டிப் பிழிந்த சாற்றில் தேன் கலந்து ஆயா கொடுப்பார்கள், அதற்கு நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆவி பிடிக்க வைப்பதற்கு மட்டும் நான் விடமாட்டேன். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தைப் போர்வைக்குள் வைத்துச் சின்னக் குழந்தையை உட்கார வைப்பது ஆபத்து, கை பட்டுக் கவிழ்ந்தால் வெந்துபோகும். காய்ச்சல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ டாக்டரிடம் போய்விடுவது, அவ்வளவுதான்.

இங்கே டிசம்பர் கடைசி வாரம் என்றால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கடலூரில் யாரும் இந்த லீவைப் பற்றி எழுத முடியாது.

கோயிலுக்குப் போய்வருகிற வழியில் ஆயா அப்பர் கதையைச் சொல்லியிருந்தார்கள். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், அந்தக் கல் தெப்பமாக மிதந்து வந்து அவரைக் கரையேற்றியது நம் ஊரில்தான், அதனால்தான் வண்டிப்பாளையம் பக்கத்தில் கரையேறவிட்டகுப்பம் என்று ஒரு இடமே இருக்கிறது என்று. பையனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பாத்ரூமில் வாளியில் கல்லைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

26-ஆம் தேதி காலையில் என் கணவர் அவனைத் தேவனாம்பட்டினம் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். சுனாமி நினைவுத்தூண் பக்கத்தில் வருஷா வருஷம் ஜனங்கள் கூடுவார்கள், பூ போட்டு, கடலில் பால் ஊற்றுவார்கள். 2004-இல் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதுவும் இதே அரையாண்டு லீவில். பள்ளி இல்லாததால் பிள்ளைகள் எல்லாம் குப்பத்தில், கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். என் கணவர் அப்போது ப்ளஸ் டூ, மஞ்சக்குப்பத்தில் ட்யூஷன் முடிந்து சைக்கிளில் வந்தவர், கடற்கரைப் பக்கத்திலிருந்து ஜனங்கள் நனைந்துபோய், செருப்பில்லாமல் ஓடி வந்ததைப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார்.

ஏழு வயசுப் பையனை அங்கே கூட்டிப்போக வேண்டுமா என்று எனக்கு முந்தின நாள் வரைக்கும் யோசனைதான். அவன் அப்பாதான் சொன்னார், "நம்ம ஊர்ல இருக்கறவன், என்னைக்காவது யாராவது சொல்லத்தான் போறாங்க, நாம சொன்னா நல்லது" என்று. சரி என்றேன். கடலுக்கடியில் சுமத்ரா பக்கத்தில் பூமி அதிர்ந்தது, அதனால் தண்ணீர் ஊருக்குள் வந்தது, அது தினமும் வருகிற அலை இல்லை, இப்போது முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறார்கள் என்று போகிற வழியிலேயே பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவன் தலையாட்டிக்கொண்டே வந்தான். ஒரு அம்மா சொம்பிலிருந்த பாலைக் கடலில் ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், வண்டியில் ஏறும்போது கேட்டான்:

"அப்பருக்கு மட்டும் கல்லு மிதந்துச்சு, இவங்க எல்லாம் ஏன் மிதக்கல?"

எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதே கேள்வியை ஆயாவிடம் கேட்டான். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு, அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். "எனக்குத் தெரியல கண்ணு. நெறைய பேரைக் கட்டுமரத்துல போயி, மரத்துல ஏறி, மனுசங்க கரையேத்துனாங்க. கரையேறுன பிள்ளைங்கள யாரு யாரோ தூக்கிட்டு வந்து சோறு போட்டாங்க. நம்ம தெருவுல கூட அண்டா அண்டாவா ஆக்கினோம். நான்தான் புளி கரைச்சேன்." அவன், "நீயா?" என்றான். "நான்தான்" என்றார்கள். அதற்கப்புறம் அவன் ஆயாவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தான். எனக்குத் தெரிந்து ஆய்ந்ததைவிடப் பிய்த்ததுதான் அதிகம், ஆனால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

இந்த மாதிரிப் பேச்சுக்கு நேரம் குறித்து உட்கார முடியாது. வீட்டில் எல்லோரும் சும்மா இருந்தால்தான் நடக்கும். பத்து மணிக்கு அபாகஸ், பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து என்று வைத்திருந்தால் அந்தக் கேள்வி வண்டியிலேயே போயிருக்கும்.

வீட்டுப்பாடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பள்ளியிலிருந்து இரண்டு பேருக்கும் லீவுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். எல்கேஜி குழந்தைக்கு ஒன்றிலிருந்து ஐம்பது வரை பல தடவை, பையனுக்கு சார்ட் பேப்பரில் ப்ராஜெக்ட். சார்ட் ப்ராஜெக்ட் எல்லாம் குழந்தை செய்வதில்லை, ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா அப்பா கத்தரிக்கோலோடு உட்கார்ந்து செய்வது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று 2018-இலேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மத்திய அரசின் 2020 புத்தகப்பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. இதை டைரியில் மரியாதையாக எழுதி, "ப்ராஜெக்டுக்குப் பதிலாக மார்கழிக் கோலத்தைப் பற்றி அவனே வாயால் சொல்லட்டும், அனுமதியுங்கள்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டீச்சர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பாதிப் பெற்றோர் "ஹோம்வொர்க் இல்லையா?" என்று கேட்டு நச்சரிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் யாராவது எழுதிக் கேட்டால்தானே மாறும்.

புதுச்சேரிக்குப் போகாமல் லீவு முடியாது இல்லையா. புத்தாண்டை ஒட்டி மட்டும் போகாதீர்கள், முதலியார்பேட்டையிலிருந்தே வண்டி நகராது, குழந்தைகளோடு அது தண்டனை. நாங்கள் அதற்கு முன்னால் ஒரு நாள் விடியும்போதே கிளம்பினோம். பீச் ரோட்டில் காலை ஏழரை வரைக்கும் வண்டிகளை விடமாட்டார்கள், காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரைக்கும் ரோடு முழுக்கப் பிள்ளைகளுக்குத்தான். ஓடட்டும், விழட்டும், கையைப் பிடிக்கத் தேவையில்லை. வருகிற வழியில் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து இருதய ஆண்டவர் பசிலிக்காவில் குடில் பார்த்தோம், சின்னவள் வைக்கோலில் படுத்திருந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்துவிட்டு வர மறுத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இதெல்லாம் நடந்ததற்குக் காரணம் ஆயா வீட்டில் இருந்தார்கள், அதுதான் உண்மை. பள்ளிக்கு லீவு, எனக்கு லீவில்லை. கிறிஸ்துமஸும் புத்தாண்டும் போக மற்ற வேலை நாளெல்லாம் நான் காலை ஒன்பதரைக்கு ஆபீஸில் இருந்தாக வேண்டும். எழுபது வயதை நெருங்குகிறவர்கள் இரண்டு குழந்தைகளை நாள் முழுக்க மேய்ப்பது சின்ன வேலை இல்லை, சாயங்காலம் நான் வரும்போது கால் வீங்கியிருக்கும், கேட்டால் "பனிக்கு" என்பார்கள். ஆயா இல்லாத வீடுகளில் அம்மாக்கள் வேறு வழி தெரியாமல்தான் அந்த வகுப்புகளில் சேர்க்கிறார்கள், எனக்குத் தெரிந்தே இரண்டு மூன்று பேர் அப்படி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குழந்தைகளுக்கு லீவு விடுகிற ஊரில் பெற்றவர்களுக்கும் ரெண்டு நாளாவது சேர்த்துக் கிடைக்க வேண்டும். அடுத்த டிசம்பர் கடைசி வாரத்தில் நானும் என் கணவரும் ஆளுக்குப் பாதி நாட்களாக லீவு எடுப்பதாகப் பேசி முடித்து, என் பங்கை இப்போதே ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் "ஒரு வருஷம் இருக்கேம்மா" என்றார். இருக்கட்டும் சார், ஃபைல்ல வச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.