1,900 மீட்டர் ஆழத்தில் ஒரு தட்டு

கடலடியில் கேபிள் பதிப்பதற்கு முன் அதன் பாதையை ஆராயும் கப்பல்களில் பதினோரு ஆண்டுகள் ஆர்.ஓ.வி. (கப்பலிலிருந்தபடியே இயக்கும் ஆளில்லா நீர்மூழ்கி இயந்திரம்) பைலட்டாக இருந்தேன். கப்பலின் மேல்தளத்தில், ஒரு கன்டெய்னருக்குள் ஏ.சி. குளிரில் உட்கார்ந்து, கீழே இறக்கிய இயந்திரத்தைக் கேமரா வழியே ஓட்டுவதுதான் வேலை; பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் பெரும்பாலும் சேறுதான் தெரியும். ஓர் இரவு, ஏறத்தாழ 1,900 மீட்டர் ஆழத்தில், ஒலியின் எதிரொலியால் கடலடியை அறியும் சோனாரில் பாறை என்று குறித்திருந்த ஒன்றை நெருங்கியபோது, பாதி புதைந்த கப்பல் சட்டங்களும், அவற்றுக்கிடையே அடுக்குக் குலையாமல் சாய்ந்து கிடந்த பீங்கான் தட்டுகளும் விளக்கொளியில் வந்தன.

இடத்தைக் குறி, படம் எடு, விலகிப் போ என்பதுதான் அப்போது எங்களுக்கு இருந்த விதி. வாடிக்கையாளர் தரப்பில் கூட இருந்தவர், "ஒன்றே ஒன்று எடுத்துப் பாருங்களேன்" என்றார். மறுத்திருக்கலாம், எனக்கும் ஆசை இருந்தது. ஸ்பரிசம் அறியாத இயந்திரக் கையின் பிடி இறுகியதும் மேல் தட்டு இரண்டாகப் பிளந்தது. இயந்திரத்தை நகர்த்தும் த்ரஸ்டர் விசிறி கிளப்பிய சேறு அடங்க இருபது நிமிடம் ஆயிற்று. அடங்கியபோது அந்த அடுக்கும் இல்லை.

அதன் பிறகுதான் இவ்வகைப் பொருள்கள் யாருக்குச் சொந்தம் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். என்னை அதிகம் பிடித்து வைத்தது எஸ்.எஸ். கெர்சொப்பா. கர்நாடகத்து அருவியின் பெயர் கொண்ட இந்தச் சரக்குக் கப்பல், கல்கத்தாவிலிருந்து வெள்ளி, தேயிலை, வார்ப்பிரும்பு ஆகியவற்றோடு புறப்பட்டு, 1941 பிப்ரவரியில் நிலக்கரி குறைந்ததால் பாதுகாப்புக்காகச் சேர்ந்து சென்ற கப்பல் கூட்டத்தைப் பிரிந்து, அயர்லாந்துக்குத் தென்மேற்கே ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு இரையானது. மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்; பிழைத்தவர் இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் ஐயர்ஸ் ஒருவரே. வெள்ளிக்குப் போர்க்காலக் காப்பீட்டுத் தொகை கொடுத்திருந்ததால் உரிமை பிரிட்டன் அரசுக்கு வந்தது. அந்த அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட அமெரிக்காவின் ஒடிஸி நிறுவனம் 2012, 2013 ஆண்டுகளில் சுமார் 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறத்தாழ 110 டன் வெள்ளியை மேலேற்றி, செலவு போக மதிப்பில் 80 விழுக்காட்டைத் தானே எடுத்துக்கொண்டது. அந்த ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் மீது அரை டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை அழுத்தும் என்பதை அறிந்த பைலட்டாக, அவர்களுடைய கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன்.

வெள்ளியைப் பொறுத்தவரை சிக்கலே இல்லை. காகிதம் இருந்தது, கையெழுத்து இருந்தது. ஆனால் அதே கப்பலிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. வெளிச்சமும் உயிர்வாயுவும் எட்டாத இடத்தில் மற்ற அஞ்சல் பைகளின் அடியில் அமுங்கிக் கிடந்ததால், எழுபது ஆண்டு கழிந்தும் படிக்க முடிந்தவை. எழுதியவருக்கா, கிடைக்காமலேயே காத்திருந்தவருக்கா, கொண்டுபோய்ச் சேர்க்கக் கடமைப்பட்ட தபால் துறைக்கா அவை சொந்தம்? லண்டன் அஞ்சல் அருங்காட்சியகம் 2018-இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. பிரித்து விற்காமல் ஒரே இடத்தில் வைத்ததை நான் சரியென்றே நினைக்கிறேன். ஏலத்தில் சிதறியிருந்தால், ஒரே பையில் கிடந்த கடிதங்கள் என்ற செய்தி போயிருக்கும்.

1804-இல் மூழ்கிய ஸ்பெயினின் மெர்சிடஸ் போர்க்கப்பலின் நாணயங்களை அதே நிறுவனம் 2007-இல் எடுத்தபோது கதை வேறு. போர்க்கப்பல் என்றைக்கும் தன் அரசுக்கே உரியது என்று அமெரிக்க நீதிமன்றம் கருதியதால், 2012-இல் சுமார் 17 டன் நாணயம் விமானத்தில் ஸ்பெயினுக்குத் திரும்பியது. லிமாவில் அச்சிட்டவை என்று பெரு தொடுத்த உரிமைக் கோரிக்கை எடுபடவில்லை. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆண்டிஸ் மலையில் வெள்ளி வெட்டியவர்களை நினைத்தால் எனக்கு அந்தத் தீர்ப்பு முழுமையாகப் படவில்லை.

எங்கள் தட்டுகள் எந்த நாட்டுக் கப்பலுக்கு உரியவை என்பது தெரியவே இல்லை. மறுநாள் கேபிள் பாதையை இருநூறு மீட்டர் தள்ளி வரைந்தார்கள். அன்றைய பதிவேட்டில் இடம், ஆழம், நேரம், "பீங்கான் பொருள்கள்" என்ற சொற்கள் எல்லாம் இருக்கின்றன. ஒன்று உடைந்தது என்பது இல்லை. அதை எழுதியவன் நான்.