பச்சோந்தியின் எச்சம் சொல்லும் சேதி

பச்சோந்தி தன் நோயை மறைக்கும். காட்டில் தளர்ந்துபோனதைப் பாம்பும் பறவையும் விட்டுவைக்காது என்பதால், இயன்றவரை கிளையை இறுகப் பற்றிக்கொண்டு நலமாக இருப்பதாகவே காட்டிக்கொள்ளும். பகலில் கண்ணை மூடிக்கொள்வது, கண் குழிவது, இரையைப் பார்த்தும் நாக்கை நீட்டாமல் இருப்பது எல்லாம் நம் கண்ணுக்குப் படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். அதனால்தான் இதை வளர்க்கும் எல்லோரிடமும் ஓயாமல் சொல்கிறேன்: நிறத்தைப் பார்த்து உடல்நலத்தை முடிவு செய்யாதீர்கள், எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். மருத்துவ ஆய்வுகூடத்தில் நுண்ணோக்கியோடு பழகுவதே என் தொழில். வீட்டில் இருப்பவன் கொண்டையன். ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழும் பச்சோந்தி இனத்தின் ஆண். தலையில் அவ்வளவு உயரமான கொண்டை இருக்கும்போது வேறு என்ன பெயர் வைப்பது? கூண்டில் பிறந்தவன். கூண்டில் பிறந்ததற்கு ஒட்டுண்ணி இருக்காது என்று விற்பவர்கள் சிலர் சொல்வதுண்டு. அது உண்மையன்று.

ஒவ்வொரு கிழமையும் அவனைச் சமையலறைத் தராசில் ஏற்றிக் குறித்துவைப்பேன். சென்ற மாரியில் 148 கிராம் இருந்தவன் 131 கிராமுக்கு இறங்கினான். நிறம் அழகாகவே இருந்தது, பசியும் இருந்தது. எச்சம் மட்டும் இளகி, கெட்ட நாற்றம் வீசியது. எச்சத்தோடு சேர்ந்து வரும், வெள்ளையாக இருக்கவேண்டிய யூரேட் என்ற சிறுநீர்க் கழிவுப் பகுதியும் மஞ்சளாகிச் செம்மஞ்சளை எட்டியிருந்தது, நீர் வற்றுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் மாதிரியைக் கொண்டுபோனேன். அவர் அன்புடன் என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கவிட்டார். கண்ணாடி போன்ற மெல்லிய சுவருடன் உருண்டை உருண்டையாக முட்டைகள். காக்சிடியா என்ற ஒற்றையுயிரணுக் குடல் ஒட்டுண்ணி.

இந்த இனப் பச்சோந்தியில் காணப்படும் காக்சிடியா ஒன்றுக்கு ஐசோஸ்போரா ஜாராசிம்ர்மானி என்று பெயர். 1995இல் அதை விவரித்த செக் ஆய்வாளர்கள், தங்கள் நாட்டு மக்கள் கொண்டாடும் யாரா சிம்ர்மான் என்ற கற்பனை மேதையின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். இவ்வளவு தொல்லை தரும் உயிரிக்கு அப்படி ஒரு பெயர்!

காக்சிடியா குடலின் உயிரணுக்களுக்குள் புகுந்து பெருகி, அவற்றை வெடிக்கச் செய்து வெளியேறும். குடல் புண்ணாகும், தின்றது உடலில் சேராது. ஆனால் எச்சத்தோடு வெளியே விழும் முட்டை அந்த நொடியே தொற்றாது. காற்றும் ஈரமும் கிடைத்து அது முற்றுவதற்கு ஒரு நாளோ சற்றுக் கூடுதலாகவோ ஆகும். முற்றிய ஐசோஸ்போராவுக்குள் இரண்டு பைகள், ஒவ்வொன்றிலும் நான்கு நுண்ணுயிர்கள் இருக்கும். முட்டை முற்றும்வரை உள்ள அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. விழுந்த எச்சத்தை அன்றன்றே எடுத்துவிட்டால் சுழற்சி அறுந்துபோகும். எடுக்காவிட்டால், மருந்து ஒரு பக்கம் கொல்லக் கொல்ல, மறுபக்கம் பச்சோந்தி தன் கூண்டிலிருந்தே திரும்பவும் தொற்றை வாங்கிக்கொள்ளும்.

ஆகவே கூண்டை வெறுமையாக்கினேன். மண், தொட்டிச்செடி, பாசி எல்லாம் வெளியே போயின. தரையில் கடதாசித் துவாய், ஏறுவதற்குக் கழுவக்கூடிய கொம்புகள், மறைவுக்குப் பிளாஸ்டிக் கொடி. வீட்டில் புழங்கும் பிளீச் இந்த முட்டைகளை அசைக்காது, கொதிநீராவிதான் வேண்டும். இரையாகக் கொடுக்கும் சில்வண்டுகளைக் கூண்டில் சுதந்திரமாக விடுவதையும் நிறுத்தினேன். தின்னப்படாமல் தங்கும் சில்வண்டு கீழே கிடக்கும் எச்சத்தை மேயும், அடுத்த நாள் அதையே பச்சோந்தி பிடிக்கும். வழுக்கும் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தால் இந்தக் கவலை இல்லை. கொடுத்த மருந்தின் பெயர் ‘டோல்ட்ராசூரில்’. அளவை எழுதமாட்டேன், தயவுசெய்து கேட்காதீர்கள். எடையைப் பார்த்து, நீர்ச்சத்தைப் பார்த்து மருத்துவர் தீர்மானிக்கவேண்டியது அது.

இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. என்ன ஒட்டுண்ணி என்று தெரியாமலே “எதற்கும் இருக்கட்டும்” என்று புழுமருந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பென்பெண்டசோல் புழுக்களுக்கு நல்ல மருந்து, காக்சிடியாவை அது தீர்க்காது. அளவு மிஞ்சினால் எலும்பு மச்சையைப் பாதிக்கவும் கூடும். ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு நஞ்சு, பச்சோந்திகளிலும் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஏற்கெனவே நீர் வற்றிய உடலில் எந்த மருந்தையும் திணிப்பது கொடுமை. முதலில் இலைகளில் நீர் சொட்டச் சொட்டக் குடிக்கவைக்க வேண்டும். கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் நீராகவே கண்டுகொள்வதில்லை.

பரிசோதனை முடிவைப் படிக்கவும் பொறுமை வேண்டும். ஓரிரு ஊசிப்புழு முட்டைகள் தெரிந்தால், எடை குறையாத விலங்குக்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம். சிலவேளை தெரிபவை பச்சோந்தியின் ஒட்டுண்ணிகளே அல்ல. சில்வண்டின் குடலில் வாழ்பவை இரையோடு உள்ளே போய், அப்படியே வெளியே வந்திருக்கும். அதையும் பிரித்துச் சொல்லும் கண் மருத்துவருக்கு வேண்டும். மாதிரி புதியதாகவும் இருக்கவேண்டும். நீந்தும் ஒற்றையுயிரணு உயிரிகள் காய்ந்த எச்சத்தில் செத்துப்போகும், பிறகு எதையும் காண முடியாது.

காட்டில் பிடித்து விற்கப்படுபவற்றின் கதை இன்னும் வேதனையானது. மடகாஸ்கரிலிருந்து வரும் பச்சோந்திகள் சிலவற்றின் தோலுக்கடியில் நூல் சுருண்டு கிடப்பதுபோல் ஒரு புழு தெரியும். ஃபோலியெல்லா என்பது அதன் பெயர், நுளம்பு கடிப்பதால் பரவுவது. தோலைச் சிறிதாகக் கீறி மருத்துவர் அதை இழுத்து எடுப்பார். பிடிபட்டு, பெட்டியில் அடைபட்டு, நீரின்றிப் பயணம் செய்த உடலில், காட்டில் அடங்கிக் கிடந்த ஒட்டுண்ணிகள் எல்லாம் ஒருசேரத் தலைதூக்கும். காட்டில் பிடித்ததை வாங்காதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து எழுதும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. வேலியோரம் காணும் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடிக்கவோ வளர்க்கவோ கூடாது. சாலையில் கண்டால் கடக்கவிட்டுப் பாருங்கள், போதும்.

கொண்டையன் இப்போது 150 கிராமைத் தாண்டிவிட்டான். மருந்து முடிந்த பிறகு செய்த பரிசோதனையில் முட்டை ஏதும் தெரியவில்லை. ஒருமுறை தெரியாதது முழு உறுதியாகாது, முட்டைகள் விட்டுவிட்டு வெளிவரும் என்பதால் அடுத்த மாதமும் மாதிரி போகும். அதுவரை தொட்டிச்செடிகள் பால்கனியில்தான்.