தொலைந்த கூட்டல் குறி

"அந்த வரி ஓடலைன்னா கவுண்டர் எப்படி சார் ஏறியிருக்கும்?"

"இன்டரப்ட்ல ஏறியிருக்கும்மா. இஃப் வரியிலிருந்து தாண்டிப் போனதைக் கண்ணால பார்த்தோமே. கண்டிஷன்தான் தப்பு, அதை மாத்தி எழுது."

பேச்சு அவ்வளவுதான். கேள்வி கேட்டவர், ஒரு போர்டில் ஓடும் புரோகிராமின் கோடை எழுதியவர். பதில் சொன்னது நான். இன்டரப்ட் என்பது, டைமர் போன்ற சாதனம் கூப்பிட்டதும் நடக்கும் வேலையை இடையில் நிறுத்திவிட்டு ஓடும் வேறு கோடு. சொன்ன பதில் தவறு என்று தெரிந்தது பிறகு, வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது. எந்த இடத்தில் தவறு என்பதில்தான் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

திரையில் தெரிந்தது இது. ஜிடிபி, அதாவது புரோகிராமை வரி வரியாக நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் டீபக்கர், இஃப் வரியில் நிற்கிறது. நெக்ஸ்ட் கொடுத்தால், கண்டிஷன் உண்மையானால் கவுண்டரை ஒன்று கூட்டும் வரியில் நிற்க வேண்டும்; பொய்யானால் அதற்கடுத்த வரியில். இரண்டு நொடிபோல யோசித்துவிட்டு, அடுத்த வரியில் போய் நின்றது. வேகத்துக்காகக் கம்பைலர் கோடை மாற்றியடுக்கும் ஆப்டிமைசேஷனை அணைத்துக் கட்டிய பைனரி. அதனால் வரிகள் இடம் மாறியிருக்குமோ என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. டீபக்கர் காட்டியதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

டீபக்கர் பொய் சொல்லவில்லை என்று இப்போதும் வாதாடலாம். அது கேட்டது ஒன்று, போர்டு செய்தது இரண்டு.

நெக்ஸ்ட் என்பது நமக்கு ஒரு கட்டளை. கணினியையும் போர்டையும் இணைக்கும் கம்பியில் அது பல. ஒரு வரிக்கு மூன்று நான்கு மெஷின் இன்ஸ்ட்ரக்‌ஷன் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 'ஒரு அடி நட' என்ற ஒரு எஸ் பாக்கெட் போகும். டாலர் குறி, எஸ், ஹேஷ் குறி, 7, 3 என மொத்தம் ஐந்து பைட். 73 என்பது செக்சம், அதாவது டாலருக்கும் ஹேஷுக்கும் நடுவில் இருக்கும் எழுத்துகளின் கூட்டுத்தொகையை 256-ஆல் வகுத்த மீதி, ஹெக்ஸில், அதாவது பதினாறடிமான எண்ணில். இங்கே நடுவில் ஒரே எழுத்துதான். எஸ்ஸின் ஆஸ்கி மதிப்பே ஹெக்ஸில் 73. 115200 வேகத்தில், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்றால் ஒரு பைட்டுக்கு 87 மைக்ரோநொடி. ஐந்து பைட் அரை மில்லிநொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். போர்டில் இருக்கும் ஸ்டப், அதாவது ஜிடிபியின் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் சிறு புரோகிராம், செக்சம் சரிபார்த்து, சரியென்றால் முதலில் ஒரு கூட்டல் குறி அனுப்பும். தவறென்றால் கழித்தல் குறி. பிறகு ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனை ஓட்டிவிட்டு, நின்ற செய்தியை இன்னொரு பாக்கெட்டாக அனுப்பும். அதற்கு ஜிடிபி பதிலுக்கு ஒரு கூட்டல் குறி போடும்.

இதில் அந்த முதல் கூட்டல் குறி மட்டும் தொலைந்தால் என்ன ஆகும்?

எஸ்ஸை அனுப்பிவிட்டு ஜிடிபி கூட்டல் குறிக்காகக் காத்திருக்கிறது. வருவது டாலரில் தொடங்கும் பாக்கெட். ஒப்புதல் வராமல் பாக்கெட் வந்தால், அது முந்தைய கட்டளைக்கான பழைய பதிலாக இருக்கும் என்று ஜிடிபி எடுத்துக்கொள்ளும். அதைப் படித்து வீசிவிட்டு, ஸ்டப் திரும்பத் திரும்ப அனுப்பாமல் இருக்க ஒரு கூட்டல் குறியும் போட்டு அனுப்பும். ஸ்டப்பைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஜிடிபி இன்னும் தன் கூட்டல் குறிக்காகக் காத்திருக்கிறது. ரிமோட் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 2 நொடி. அது கடந்ததும் அதே எஸ்ஸை மறுபடி அனுப்பும். ஸ்டப்புக்கு இது புதுக் கட்டளை. இன்னொரு இன்ஸ்ட்ரக்‌ஷனை ஓட்டும். இந்த முறை கூட்டல் குறி ஒழுங்காக வந்து சேரும். ஜிடிபியின் கணக்கில் ஒரு அடி. போர்டு நடந்தது இரண்டு அடி.

இது இஃப் வரியின் கடைசி இன்ஸ்ட்ரக்‌ஷனில் நடந்தால்தான் வினை. முதல் அடி கவுண்டர் வரியின் தொடக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது; அந்த நின்ற செய்தி குப்பைக்குப் போய்விட்டது. இரண்டாவது அடியில் அந்த வரிக்குள்ளேயே ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் தாண்டியாகிவிட்டது. ஜிடிபி பார்க்கும்போது பிசி, அதாவது அடுத்து ஓட வேண்டிய இடத்தின் முகவரி, ஒரு வரியின் நடுவில் இருக்கிறது. வரியின் தொடக்கத்தில் இல்லாததால் அங்கே நிற்காமல் மேலே நடந்து, அடுத்த வரியின் தொடக்கத்தில் நிற்கும். கவுண்டர் வரி முழுவதும் ஓடியது, கவுண்டர் ஏறியது, திரையில் மட்டும் அந்த வரி வரவே இல்லை. தப்பான கண்டிஷன் எப்படித் தெரியுமோ, அச்சாக அப்படி.

சிறிய எம் பாக்கெட்டுக்கு, அதாவது நினைவகம் படிப்பதற்கு, இதே கதி நேர்ந்தால் ஒரு நட்டமும் இல்லை. இரண்டு முறை படிக்கும், அதே விடை வரும், 2 நொடி வீணாகும். செயலியின் உள் சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களைக் கேட்கும் ஜி பாக்கெட்டும் அப்படியே. ஆபத்தெல்லாம் எஸ்ஸிலும், எழுதும் பெரிய எம்மிலும்தான். சாதாரண ரேமில் ஒரே மதிப்பை இரண்டு முறை எழுதினால் தெரியாது. சீரியல் கம்பியில் பைட் அனுப்பும் யூஆர்ட்டின் டேட்டா ரெஜிஸ்டரில் எழுதினால் ஒரு பைட் இரண்டு முறை வெளியே போகும். படிப்பதிலும் ஒரு விலக்கு உண்டு: படித்தாலே காலியாகும் ஃபிஃபோ வரிசையோ, படித்தால் அழியும் ஸ்டேட்டஸ் பிட்டோ இருந்தால் அங்கேயும் இதே சிக்கல்.

ஏன் கூட்டல் குறி மட்டும் தொலைந்தது என்பதற்குக் கம்பிதான் காரணம். மூன்று கம்பி ஆர்எஸ்-232 ஆக இருந்திருந்தால் போக ஒரு வழி, வர ஒரு வழி. தூரம் கருதிப் போட்டது இரண்டு கம்பி ஆர்எஸ்-485. ஒரே ஜோடியில் மாறி மாறிப் பேச வேண்டும். பேசி முடித்தவர் கம்பியை இயக்கும் தன் டிரைவரை அணைத்தால்தான் எதிராளி பேசலாம். கணினிப் பக்க மாற்றியில் அந்த அணைப்பைச் செய்தது மென்பொருள். ஹேஷுக்குப் பிறகான 3 போய் முடிந்ததும் அணைக்க வேண்டும்; சில நேரம் உடனே, சில நேரம் நூறு மைக்ரோநொடி கழித்து அணைத்தது. ஐந்து பைட்டுக்குச் செக்சம் பார்க்க ஸ்டப்புக்கு ஆகும் நேரம் அதைவிடக் குறைவு. ஆக, இரண்டு டிரைவரும் ஒரே நேரத்தில் கம்பியை இழுக்கும்போது வெளியே வரும் முதல் பைட் எது? எப்போதும் கூட்டல் குறிதான். அடுத்து டாலர் வருவதற்குள் கம்பி அமைதியாகிவிடும். அலைக்காட்டியில் பார்த்தால் அந்த ஒரு பைட் மட்டும் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நடுமட்டத்தில் தொங்கும். குப்பையாக வந்து சேரும் பைட்டை ஜிடிபி கண்டுகொள்வதில்லை. முழு மதிப்பும் இரண்டு எழுத்துச் செக்சமும் உள்ள பாக்கெட்டுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளும் ஒற்றை எழுத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

அந்த 2 நொடி கண்ணில் படாமல் இல்லை. ஆனால் அந்த இணைப்பில் எல்லாமே மெதுவாகத்தான் இருந்தது. 17 ரெஜிஸ்டர், ஒவ்வொன்றும் 32 பிட் என்றால் 68 பைட். ஹெக்ஸில் இரட்டிப்பாகி 136 எழுத்து, உறையோடு 140. அது 12 மில்லிநொடி. ஒரு கிலோபைட் நினைவகம் படிக்க 180 மில்லிநொடி அருகில். யூஎஸ்பி மாற்றிகளில் எஃப்டிடிஐ சிப் உள்ளவற்றுக்கு லேட்டன்சி டைமர் இயல்பாக 16 மில்லிநொடி. சின்னச் சின்னப் பதில்களைச் சேர்த்து வைத்துத்தான் மேலே தள்ளும். அதை 1 ஆக்கினால் ஸ்டெப் வேகம் கண்ணுக்குத் தெரிந்து கூடும். இதையெல்லாம் சரிசெய்த பிறகும் நடு நடுவே தயங்கினால், 'கம்பி அப்படி' என்று விட்டுவிடுவது வழக்கமாகிவிடும். அந்த வழக்கத்தைக் குறைசொல்லத் தோன்றவில்லை. ஒவ்வொரு தயக்கத்தையும் துருவிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

ஆனால் எல்லாத் தயக்கமும் ஒரே மாதிரி இல்லை. கம்பியின் மெத்தனம் மில்லிநொடியில் இருக்கும், கேட்கும் அளவுக்கு ஏற்ப நீளும். டைம்அவுட் எப்போதும் முழு 2 நொடி. ரிமோட் டைம்அவுட்டை 5 ஆக்கிப் பார்த்திருந்தால் தயக்கமும் 5 ஆகியிருக்கும். ஒரு நிமிட வேலை. செட் டீபக் ரிமோட் 1 போட்டிருந்தால் ஒப்புதலுக்குப் பதிலாகப் பாக்கெட் வந்தது, புறக்கணிக்கிறேன் என்று ஜிடிபியே எழுதிக் காட்டியிருக்கும். போடவில்லை. கம்பியில் போய்வருவதைப் பதியும் ரிமோட் லாக்ஃபைல் மட்டும் ஏற்கெனவே போட்டிருந்தது, யாரும் திறக்காமல். பிறகு வேகக் குறைவுக்குக் காரணம் தேடித் திறந்தபோது, அந்த நாளின் அந்த நெக்ஸ்டில் எஸ், நின்ற செய்தி, டைம்அவுட் 2 நொடி, மறுபடி எஸ் என்று வரிசையாக இருந்தது.

திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது இதுகூட இல்லை. "இன்டரப்ட்ல ஏறியிருக்கும்" என்ற பதில்தான். அந்த ஸ்டப்பில் ஒற்றை அடி ஓடும்போது சாதன இன்டரப்ட்கள் மூடியிருக்கும். மூடாவிட்டால் ஒவ்வொரு அடியும் டைமர் ஹேண்ட்லருக்குள் போய் விழும், ஒரு வரியைக்கூடத் தாண்ட முடியாது. அதை எழுதி வைத்தவனே நான். அப்படியிருக்க, நின்றிருந்த நேரத்திலும் நடந்த அடிகளிலும் இன்டரப்டில் கவுண்டர் ஏற வழியே இல்லை. கேட்ட கேள்விக்கு இருந்த ஒரே நேர்மையான பதில், "ஏறியிருக்கக் கூடாது, பார்ப்போம்". அதைச் சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் லாக்ஃபைலுக்குப் போயிருப்போம். போயிருப்போமா? கம்பிமேல் சந்தேகம் வந்திருக்குமா, கம்பைலர்மேல் வந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இதில் இன்னொரு சிக்கல். கோடில் உண்மையிலேயே பிழை இருந்தது. நாங்கள் தேடியதே கவுண்டர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்று பின்தங்குவதைத்தான். அதே கவுண்டரை இன்டரப்ட் ஹேண்ட்லரும் ஏற்றிக்கொண்டிருந்தது. எடுத்து, கூட்டி, திரும்ப வைப்பது மூன்று இன்ஸ்ட்ரக்‌ஷன். எடுத்ததற்கும் வைப்பதற்கும் நடுவில் இன்டரப்ட் வந்தால் அதன் கூட்டல் அழிந்துபோகும். கண்டிஷனை மாற்றி எழுதும்போது அவர் இஃப்பையும் கூட்டலையும் சேர்த்து, இன்டரப்ட்டை மூடித் திறக்கும் பகுதிக்குள் வைத்துவிட்டார். பின்தங்கல் நின்றது. கேள்வியைத் தட்டிக்கழிக்க நான் எடுத்த இன்டரப்ட் என்ற சொல்தான், வேறொரு வழியில், விடையாகவும் இருந்தது. சரியான கண்டிஷனைத் தப்பு என்று சொல்லித் திருத்தவைத்து, திருத்தம் பலித்தும்விட்டது. இதைத் தவறு என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

நோ-ஆக் முறைக்கு மாறிவிட்டால் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். ஜிடிபி தொடக்கத்திலேயே ஸ்டப்பைக் கேட்டு இந்த ஒப்புதல் குறிகளை இரு பக்கமும் நிறுத்திவிடலாம். டிசிபி போன்ற நம்பகமான வழிக்காக வந்த வசதி. அதில் இரட்டை அடி நேராது. ஆனால் அடிபட்ட பாக்கெட்டை மறுபடி கேட்கவும் வழியிருக்காது. நின்ற செய்தி தொலைந்தால் ஜிடிபி காத்துக்கொண்டே இருக்கும், நாமாகக் கன்ட்ரோல்-சி கொடுக்க வேண்டும். இந்தக் கம்பிக்கு எனக்கென்னவோ அதுவே மேல் என்று படுகிறது. உறைந்துபோகும் டீபக்கரை யாரும் சாட்சிக்கு அழைக்க மாட்டார்கள். முழுக்கக் கெட்ட கம்பியில் அதை வைத்து வேலை செய்யவே முடியாது என்பதும் உண்மை.

ஸ்டப்பிலேயே இரட்டிப்பைக் கண்டுபிடிக்கலாமா என்றால், பாக்கெட்டில் வரிசை எண் இல்லை. ஜிடிபி 5.0-க்கு முந்தைய விவரக்குறிப்பில் இரண்டு இலக்க வரிசை எண் விருப்பத்துக்குரியதாக இருந்தது. ஜிடிபி ஒருபோதும் அதை அனுப்பியதில்லை. இப்போதைய ஸ்டப்கள் அதை ஏற்கவே கூடாது என்பது விதி. அது இல்லாமல், ஆள் இரண்டு முறை ஸ்டெப் கொடுத்ததையும் ஜிடிபி ஒரே ஸ்டெப்பை மறுபடி அனுப்பியதையும் ஸ்டப்பால் பிரித்தறிய முடியாது. நடுவில் வரும் கூட்டல் குறிகூட இரண்டுக்கும் ஒன்றே.

கடைசியில் செய்தது சின்ன வேலை. ஸ்டப் பாக்கெட்டின் கடைசி பைட்டை வாங்கியபின், கூட்டல் குறி அனுப்புமுன் 300 மைக்ரோநொடி காத்திருக்கிறது. பாக்கெட்டுக்கு அவ்வளவு தாமதம் யாருக்கும் தெரியாது. சோதிக்க எளிய வழி உண்டு: எதுவும் செய்யாத 1,000 நோ-ஆப் இன்ஸ்ட்ரக்‌ஷனை ரேமில் வரிசையாக வைத்து, அதன் தலையில் பிசியை நிறுத்தி, ஸ்டெப்ஐ 900, அதாவது 900 அடி, கொடுக்க வேண்டும். ஒரு நோ-ஆப் 2 பைட் என்றால் பிசி சரியாக 1,800 நகர்ந்திருக்க வேண்டும். தாமதம் சேர்க்குமுன் 1,800-ஐத் தாண்டி நின்றது. சேர்த்தபின் ஒவ்வொரு முறையும் 1,800. புதுக் கம்பி, புது மாற்றி எது வந்தாலும் முதலில் இதை ஓட்டிவிட்டுத்தான் ஸ்டெப் போட வேண்டும் என்று குறிப்பேட்டில் சேர்த்தாயிற்று.

ஸ்டப்பில் செய்த மாற்றத்துக்கான கமிட் குறிப்பில் ஆர்எஸ்-485, டிரைவர் அணைப்பு, கூட்டல் குறி எல்லாம் விவரமாக இருக்கிறது. கண்டிஷனை மாற்றிய கமிட்டில் அவர் எழுதிய வரி: "கண்டிஷன் தவறு, டீபக்கரில் உறுதி செய்யப்பட்டது." இரண்டு கமிட்டுக்கும் ஒன்றையொன்று சுட்டும் குறிப்பு எதுவும் இல்லை. அவரிடம் கம்பியைப் பற்றிச் சொன்னேன். அன்றைய கேள்வியைப் பற்றிப் பேச்சு எழவில்லை.